பால் பொங்கினாலும் சட்டை கருகினாலும்: கிறிஸ்தவக் குடும்பங்களில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி ஆராதனைக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் இஸ்திரிப் பெட்டி வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் முந்திரிக்கொத்து எண்ணெயில் உடைந்து சிதறும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் மாடித் தொட்டி வழிவது, புதுச் சிவப்புத் துண்டின் சாயம் எல்லாத் துணியிலும் ஏறுவது, பையில் செல்போன் இருப்பதைப் பார்க்காமல் பேண்ட்டை வாஷிங் மெஷினில் போடுவது, இவையெல்லாம் நடக்காத வீடே கிடையாது.

இதில் நஷ்டம் பெரும்பாலும் சில நூறு ரூபாய், மிஞ்சினால் சில ஆயிரம். ஆனால் அது நடந்த அடுத்த நிமிஷம் கணவனோ மனைவியோ சொன்ன சொல் வருஷக்கணக்கில் மனதில் கிடக்கும். கிருபையால் இரட்சிக்கப்பட்டோம் என்று பாடுகிற நாம், அந்தக் கிருபையை வீட்டுக்குள் காட்ட வேண்டிய முதல் இடம் இந்த ஒரு நிமிஷம்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த நேரத்தில் நம் வீடுகளில் என்னென்ன தப்பாகப் போகிறது என்று பார்ப்போம்.

ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்பது

பால் பொங்குகிறது. அவசரமாக இறக்கப் போனவரின் கையில் கொட்டிவிடுகிறது. ஹாலில் இருந்து வருகிற குரல், "என்ன, பால் போச்சா? ஒரு லிட்டரும் போச்சா?" என்று கேட்கிறது. கேட்டவர் கெட்டவர் இல்லை. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனாலும் கை எரிந்துகொண்டிருக்கிறவருக்கு, இந்த வீட்டில் பாலுக்கு அப்புறம்தான் தன் கை என்று படும். "கையில பட்டுச்சா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பாலைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேட்டதோடு நிற்காமல் எழுந்து போக வேண்டும். வளையல், மோதிரம் இருந்தால் கை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீர் 20 நிமிஷம் கையில் ஓடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் போடக் கூடாது. பெரிய கொப்புளமாக வந்தாலோ தோல் உரிந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். அந்த 20 நிமிஷமும் கூடவே நிற்கிற கணவன் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டால் இன்னும் நல்லது.

நஷ்டமே இல்லை என்று நடிப்பது

இது விசுவாசிகள் வீட்டில் கூடுதலாக நடக்கும். "பரவாயில்ல, விடு" என்று வாய் சொல்லும், முகம் மட்டும் இரண்டு நாளைக்கு உம்மென்று இருக்கும். கோபப்படக் கூடாது என்று நினைத்து மௌனத்தால் அடிக்கிறோம். வாங்குகிறவருக்கு ஒரு திட்டே மேல் என்று தோன்றிவிடும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ராஜா தன் ஊழியக்காரன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த கடன் பதினாயிரம் தாலந்து. அந்த ஊழியக்காரன் தன் உடன்வேலைக்காரனிடம் விடாமல் கேட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம்; ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியென்றால் அவனுக்கு மன்னிக்கப்பட்டது சுமார் 6 கோடி நாள் கூலி. அவன் மன்னிக்க மறுத்தது 100 நாள் கூலி. நூறு நாள் கூலி ஒன்றும் சின்னத் தொகை இல்லை, மூன்று மாசத்துக்கு மேல் உழைத்த காசு. உனக்கு நஷ்டமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. நஷ்டம் நிஜம்தான், அதைவிட எத்தனையோ மடங்கு உனக்கு விடப்பட்டிருக்கிறதே என்கிறார். அதனால் வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. "அந்தச் சட்டை எனக்கு ரொம்பப் பிடிச்சது, கஷ்டமாத்தான் இருக்கு. சரி, நீல சட்டையை எடு, போயிடலாம்" என்று சொல்லலாம். உண்மையும் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது, பேச்சும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழைய கணக்கைப் புரட்டுவது

"நீ எப்பவுமே இப்படித்தான்." இந்த மூன்று வார்த்தையைச் சொல்லாமல் விட்டாலே பாதிச் சண்டை இல்லை. இன்று வழிந்த தொட்டியைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, போன வருஷம் தொலைந்த சாவிக்குப் போய், கல்யாணத்தன்று மாமா வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதில் முடியும். அன்பு "தீங்கு நினையாது" என்று 1 கொரிந்தியர் 13ஐக் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம். அதற்கு வேலை வருவது தொட்டி வழிந்த அன்றைக்குத்தான்.

அதற்காக எதையுமே பேசக் கூடாது என்றில்லை. வாராவாரம் தொட்டி வழிந்தால் பேசத்தான் வேண்டும். தன்னை மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கு இயேசு கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி வந்தது. அந்த வரிசை நம் வீட்டுக்கும் பொருந்தும். சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். தொட்டி நிரம்பினால் சத்தம் போடுகிற அலாரம் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் மோட்டார் போடும்போதே செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஜெபத்துக்குள் குத்திக்காட்டுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். குடும்ப ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது, "ஆண்டவரே, இந்த வீட்டில் உள்ளவர்களுக்குப் பொறுப்பையும் கவனத்தையும் தாரும்" என்று ஒரு வரி வரும். யாருக்கு என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குத்துப்பட்டவர் பதில் சொல்லவும் முடியாது, ஜெபத்தில் குறுக்கே பேச முடியுமா? சில வீடுகளில் இது சபை வரைக்கும் போகிறது. பெண்கள் ஐக்கியத்தில் "எங்க வீட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று தொடங்கி, அவர் பைக்கை எங்கே இடித்தார், எவ்வளவு செலவு என்பது வரை வெளியே வரும். "குற்றத்தை மூடுகிறவன் சிநேகத்தை நாடுகிறான்" என்கிறது நீதிமொழிகள் 17:9. துணைவர் செய்த கைத்தவறு நம் மூலமாக நாலு பேருக்குப் போகத் தேவையில்லை. அண்ணன் தம்பிகள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் கருகிய சட்டையைப் போட்டோ எடுத்துப் போடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வசனத்தை எடுத்து அடிப்பதும் அப்படித்தான். எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் மனைவிகளுக்குச் சொன்னதைக் கணவன் மனப்பாடமாக வைத்திருப்பார். கணவர்களுக்குச் சொன்னதை மனைவி வைத்திருப்பார். அவரவருக்கு எழுதியதை அவரவர் வாசித்தால் போதும். அங்கே கணவர்களுக்கு எழுதிய பகுதிதான் நீளம் அதிகம். 1 பேதுரு 3:7 இன்னும் ஒரு படி மேலே போய், மனைவிக்குரிய கனத்தைக் கொடு, இல்லாவிட்டால் உன் ஜெபத்துக்கே தடை வரும் என்று எச்சரிக்கிறது. மனைவியைக் குத்துகிற ஜெபம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக வசனம் வேண்டுமா?

உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறப்பது

தவறு நடக்காத நாட்களில் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்துத்தான் தவறு நடந்த நாள் எப்படிப் போகும் என்பது அமையும். வருஷம் முழுக்கக் குழம்பில் உப்பு சரியாக இருந்தபோது ஒன்றும் சொல்லாதவர், ஒரு நாள் கரித்ததும் சொன்னால், அந்த ஒன்று மட்டும்தான் மனைவியின் காதில் நிற்கும். கணவனுக்கும் இதே கதைதான். கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் கண்ணில் படாது. மறந்துபோன கொத்தமல்லிக்கட்டு மட்டும் படும்.

நம் வீடுகளில் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் நன்றி சொல்வது அவ்வளவாகப் பழக்கமில்லை. பரவாயில்லை, பவுலைப் பாருங்கள். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் வரிசையாகப் பேர் சொல்லி வாழ்த்தும்போது, பலருக்கு என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். மரியாள் மிகவும் பிரயாசப்பட்டாள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தையே கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். சண்டையும் வழக்குமாகக் கிடந்த கொரிந்து சபைக்கு எழுதும்போதுகூட, கண்டிப்பதற்கு முன் அவர்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறார். நாமும் செய்ததைக் குறிப்பிட்டுச் சொன்னாலே போதும். "இன்னைக்கு மீன்குழம்புல புளி சரியா இருந்துச்சு." "மழை வர்றதுக்குள்ள துணியை எடுத்து வச்சிட்டீங்களே, நல்லதாப் போச்சு." இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? ஆனால் விருந்தாளி வந்திருக்கும்போது மட்டும் சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும் கைத்தவறு என்று மூடுவது

கை தவறிப் பாத்திரம் விழுவது வேறு, பாத்திரத்தைத் தூக்கி எறிவது வேறு. அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து வீட்டை உடைப்பது இவையெல்லாம் இந்தக் கட்டுரையில் சொல்லுகிற கைத்தவறு இல்லை. "சிலுவையைச் சுமந்துக்கோம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற பெரியவர்கள் கிருபையைத் தப்பாகச் சொல்லித் தருகிறார்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2005இல் இருந்தே இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அப்படிப் பேசுவது விசுவாசக் குறைவு இல்லை.

தவறு செய்தவர் செய்கிற தவறு

உடைந்ததை மறைக்காதீர்கள். குப்பைத்தொட்டியின் அடியில் கிடக்கிற கண்ணாடித் துண்டு எப்படியும் வெளியே வரும், அப்போது உடைத்ததோடு மறைத்ததும் சேர்ந்துகொள்ளும். "நீங்க கூப்பிட்டதாலதான்" என்று காரணமும் தேட வேண்டாம். "நான்தான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். சாயம் ஏறிய துணியை வெயிலில் காயப்போடாமல் ஈரத்தோடு மறுபடி அலசினால் கொஞ்சமாவது போகும். தண்ணீரில் நனைந்த போனை அணைத்து வையுங்கள், உடனே சார்ஜில் போடாதீர்கள். முந்திரிக்கொத்து எண்ணெயில் பிரிந்தால் பெரும்பாலும் மேல்மாவு நீர்த்திருக்கும், அல்லது பாகு இளகியிருக்கும். எண்ணெயை வடிகட்டி, மாவில் கொஞ்சம் அரிசிமாவு சேர்த்துக் கெட்டியாக்கிக்கொண்டு மீதி உருண்டைகளைப் போடலாம். உதிர்ந்ததை அன்றைக்கே வீட்டுக்குள் தின்று தீர்க்கலாம், ருசியில் ஒரு குறையும் இருக்காது.

மன்னித்துவிட்டதாகத் துணைவர் சொன்னால் அதை நம்புங்கள். பத்து தரம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் சொன்னதை நீங்கள் ஏற்கவில்லை என்றுதான் ஆகும். ஞாயிறு காலையில் வார்த்தை முற்றிப்போய்விட்டால், பேசாமலே பைக்கில் ஏறிக் கோவிலுக்குப் போகாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானமாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். வீட்டு வாசலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டு முடிந்த பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.