நானோகிராம்: ஊகிக்காமல் போட்டு முடிப்பது எப்படி

சுடோகு போட்டுப் போட்டுச் சலித்துவிட்டதா? அப்படியானால் நானோகிராம் பக்கம் வாருங்கள். பிக்ராஸ், கிரிட்லர்ஸ், ஹான்ஜி என்று எந்தப் பெயரில் பார்த்தாலும் சங்கதி ஒன்றுதான்: வெற்றுக் கட்டங்கள், இடது ஓரத்திலும் மேலேயும் எண்கள், அவை சொல்கிறபடி சில கட்டங்களைக் கறுப்பாக்கினால் கடைசியில் ஒரு படம் வரும். ஓரத்தில் 4 3 என்று இருந்தால் அடுத்தடுத்து நான்கு கறுப்பு, குறைந்தது ஒரு கட்டம் காலி, பிறகு மூன்று கறுப்பு. விதி இவ்வளவுதான்.

1987-இல் டோக்கியோவில், உயரமான கட்டடத்தின் ஜன்னல் விளக்குகளை எரியவிட்டும் அணைத்தும் படம் காட்டி நோன் இஷிடா என்பவர் ஒரு போட்டியில் பரிசு வாங்கினார், அதிலிருந்து வந்த யோசனை இது. அதே காலத்தில் டெட்சுயா நிஷியோவும் தனியாக இதையே கண்டுபிடித்திருக்கிறார். 1990-இல் பிரிட்டனின் சண்டே டெலிகிராப் வாராவாரம் போட ஆரம்பித்தது. 1995-இல் மரியோவின் பெயரோடு நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய்க்குள்ளும் போய்விட்டது.

சரி, ஒரு தாளை எடுத்து ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக: 1 1, 5, 5, 3, 1. மேலே இடமிருந்து வலமாக: 2, 4, 4, 4, 2. எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டாம், 5 என்றால் முழு வரிசையும் கறுப்பு, ஆக இரண்டாவது, மூன்றாவது குறுக்கு வரிசைகள் முடிந்தன. இப்போது முதல் நெடுக்கு வரிசையைப் பாருங்கள். அதற்கு வேண்டியது 2, அது ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் மிச்சமிருக்கும் மூன்றும் காலி என்று காட்டப் பெருக்கல் குறி போடுங்கள். கடைசி நெடுக்கு வரிசையிலும் அப்படியே. நான்காவது குறுக்கு வரிசையில் இப்போது நடுவில் மூன்றே கட்டம்தான் பாக்கி, எண்ணும் 3. முதல் குறுக்கு வரிசையிலும் நடுவில் மூன்றுதான் பாக்கி, எண் 1 1, இடையில் ஒன்று காலியாக இருந்தாக வேண்டும், ஆகவே இரண்டாவதும் நான்காவதும் கறுப்பு, மூன்றாவதில் பெருக்கல். நடு நெடுக்கு வரிசைக்கு இன்னும் ஒன்று குறைகிறது, மேலே இடமில்லை, கீழேதான். மற்ற இரண்டு 4-களும் முடிந்துவிட்டன. இதயம்.

பாதி வேலையைச் செய்தது பெருக்கல் குறிதான், கவனித்தீர்களா? புதிதாகப் போடுபவர்கள் கறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு போவார்கள், காலி என்று உறுதியான கட்டத்தைக் குறித்து வைக்க மாட்டார்கள், அப்புறம் பாதியில் மாட்டிக்கொண்டு ஊகிக்க ஆரம்பிப்பார்கள்.

பெரிய கட்டத்தில் முழு வரிசை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பத்துக் கட்ட வரிசையில் 4 3 என்று வைத்துக்கொள்வோம். நான்கு, இடைவெளி ஒன்று, மூன்று, மொத்தம் 8, மிச்சம் 2. எல்லாவற்றையும் இடதுபக்கம் ஒட்டி வைத்தால் 4 என்பது 1 முதல் 4 வரை, 3 என்பது 6 முதல் 8 வரை. வலதுபக்கம் தள்ளினால் 3 முதல் 6, 8 முதல் 10. எப்படி வைத்தாலும் மாறாதவை 3, 4, 8 ஆகிய கட்டங்கள், அவற்றைத் தைரியமாகக் கறுப்பாக்கலாம். ஆனால் 6-ஆவது? அதுவும் இரண்டு தடவையும் கறுப்பாகத்தானே வருகிறது என்று கை பரபரக்கும். பொறுங்கள், ஒரு தடவை அது மூன்றின் பகுதி, இன்னொரு தடவை நான்கின் பகுதி. 2 முதல் 5 வரை நான்கையும் 7 முதல் 9 வரை மூன்றையும் வைத்துப் பாருங்கள், 6 காலியாகிவிடும். ஒரே எண் இரண்டு தடவையும் அந்தக் கட்டத்தில் நின்றால் மட்டுமே கணக்கு. மிச்சத்தைவிடப் பெரிய எண் இல்லாத வரிசையில் இந்த வழியில் எதுவும் கிடைக்காது, அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

ஓரங்களையும் விடாதீர்கள். முதல் எண் 3, இரண்டாவது கட்டம் கறுப்பு என்றால் மூன்றாவதும் கறுப்பு. இரண்டு பெருக்கல் குறிகளுக்கு நடுவில் இரண்டே கட்டம் இருந்து, அந்த வரிசையின் மிகச் சிறிய எண்ணே 3 என்றால் அந்த இரண்டும் காலி.

தப்பாக அமுக்கினால் உடனே சிவப்பாகக் காட்டும் வசதி பல ஆப்களில் இருக்கும், அதை முதலில் அணைத்துவிடுங்கள், அது இருக்கும்வரை ஊகிக்கும் பழக்கம் போகாது. விளம்பரத் தொல்லை வேண்டாம் என்றால் சைமன் டேதமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் பேட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது, படம் வராது, வெறும் கறுப்புத் திட்டுகள்தான், ஆனால் பழக அதைவிட நல்லது தெரியவில்லை. வண்ணப் புதிருக்குப் போனால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: வேறு வேறு நிறத் தொகுதிகளுக்கு நடுவில் இடைவெளி கட்டாயமில்லை.

நண்பர்களோடு குழுவில் போடுவது இன்னும் சுவாரசியம், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவருக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் யாராவது "மாட்டிக்கிட்டேன்" என்றால் முடித்த படத்தை அனுப்பிவிடாதீர்கள். "ஏழாவது குறுக்கு வரிசையை இன்னொரு தடவை பாரு" என்றால் போதும், கட்டத்தைச் சொல்லாதீர்கள். தலைப்பில் "யானை" என்று போட்டு அனுப்புவதும் கூடாது, தும்பிக்கையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நீங்களே புதிர் செய்வதென்றால் தனித்தனிப் புள்ளிகள் நிறைந்த படம் வேண்டாம். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் எல்லா எண்ணும் 1 என்று வைத்தால் எந்த மூலைவிட்டத்தைக் கறுப்பாக்கினாலும் சரிதான், விடை இரண்டாகிவிடுகிறது. பெரிய படத்தின் மூலையிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கும், அதனால் குழுவில் போடுவதற்கு முன் ஒரே ஒருவருக்கு அனுப்பி, எங்காவது ஊகிக்க வேண்டியிருந்ததா என்று கேட்டுவிடுங்கள்.