கப்பலில் கேபின் எடுக்கும்போது பலரும் சொதப்பும் இடங்கள்

கப்பல் டிக்கெட் போடும்போது முதலில் வரும் கேள்வி, "பால்கனியா, ஜன்னலா, உள்ளறையா?" என்பதுதான். ஏஜென்ட் மூன்றுக்கும் விலை சொல்வார், நாம் கையிருப்பைப் பார்த்து ஒன்றைச் சொல்வோம், அவர் கார்டு நம்பர் கேட்பார், முடிந்தது கதை. அறை கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் தலைக்கு மேலே என்ன ஓடுகிறது, தரைக்குக் கீழே என்ன ஆடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ராத்திரி தூங்குவோமா மாட்டோமா என்பது அதில்தான் இருக்கிறது. நைட் கிளப்புக்கு மேலே மாட்டிக்கொண்ட பால்கனி அறைக்கு, அமைதியான இடத்தில் இருக்கும் ஜன்னலே இல்லாத அறை எவ்வளவோ தேவலை. விலையும் பாதிதான் இருக்கும் பல நேரம்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா கம்பெனியின் எம்ப்ரஸ் என்ற கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு நம் பக்கத்தில் கப்பல் பயணம் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூர் போகிறவர்களும் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நாலு நாள் கப்பலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே உதாரணங்களைப் பெரும்பாலும் இந்த வழிகளிலிருந்தே எடுக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, டெக் பிளானைத் திறக்காமலே பணம் கட்டுவது. டெக் பிளான் என்பது ஒவ்வொரு தளத்தின் வரைபடம், கப்பல் கம்பெனியின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதைத் திறக்கிறவர்களிலும் பலர் தங்கள் அறை இருக்கும் தளத்தை மட்டும் பார்த்து, "நடுவிலதான் இருக்கு, சூப்பர்" என்று மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டியது மூன்று தளம்: உங்களுடையது, அதற்கு மேலே, அதற்குக் கீழே. மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மற்ற மனிதர்கள் தூங்கும் இடத்திலிருந்து பெரிய சத்தம் வராது.

மேலே நீச்சல் குளம் இருக்கும் தளம் என்றால் கதை வேறு. விடியற்காலையிலேயே பணியாளர்கள் நாற்காலிகளை அடுக்கி, தளத்தைக் கழுவி, மறுபடி வரிசையாகப் போட ஆரம்பிப்பார்கள். நாற்காலிக் கால் தரையில் உராயும் அந்தக் கிரீச் சத்தம் கூரை வழியாக நேராக உங்கள் தலையணைக்கு வரும். ராத்திரி வேறு குளத்தருகே டிஜே இருந்தால், பாட்டு கேட்காது, அந்த 'தும் தும்' மட்டும் கேட்கும். பஃபேவுக்குக் கீழே இருக்கும் அறைக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், சமையலறைக்குக் கீழே இருந்தால் தள்ளுவண்டி உருளும் சத்தம். ஓடும் பாதைக்குக் கீழே படுத்திருந்தால், ஆறு மணிக்கு யாரோ ஒருவர் உடம்பைக் குறைக்கும் முயற்சியில் நாமும் பங்கேற்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டெக் பிளானில் பெயர் எதுவும் போடாமல் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ விட்ட இடங்கள் இருக்கும். காலியிடம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பணியாளர்களின் பகுதி: சரக்கு அறை, துணி வைக்கும் அறை, சமையலறை, சர்வீஸ் லிஃப்ட், ஏதாவது ஒன்று. அதன் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும். என்ன என்று தெரியாத வெள்ளை இடத்துக்கு ஒட்டியோ, நேர் கீழேயோ இருக்கும் அறையைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டு தளங்களை ஒப்பிடும்போது தோராயமாகப் பார்க்காமல், லிஃப்ட் இருக்கும் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எத்தனை அறை தள்ளி என்று எண்ணுங்கள். லிஃப்ட் எல்லாத் தளத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதால் கணக்கு தப்பாது.

அடுத்தது ஆட்டம். "மேல போகப் போக நல்ல அறை, விலையே சொல்லுதே" என்று நினைப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். கப்பல் இரண்டு விதமாக ஆடும். ஒன்று, முன்பக்கம் எழுந்து விழ, பின்பக்கம் அதற்கு எதிராக எழுந்து விழும் ஆட்டம். இன்னொன்று, இடமும் வலமுமாகச் சாயும் ஆட்டம். முதல் ஆட்டத்தில் அதிகம் அவதிப்படுவது கப்பலின் இரு நுனிகளிலும் இருப்பவர்கள். பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறுவது மாதிரிதான். இரண்டாவது ஆட்டம் உயரம் கூடக் கூடப் பெரிதாகத் தெரியும். ஆகவே அமைதியான இடம் என்பது நீளவாக்கில் நடு, உயரவாக்கில் கீழ்த்தளங்கள். பெரிய கப்பல்களில் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஸ்டெபிலைசர் நீட்டுவார்கள், அது பக்கவாட்டுச் சாய்வை நன்றாகவே குறைக்கும். முன்பின் எகிறலுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஸ்டெபிலைசர் இருக்கிறது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம்.

கப்பலின் நீளமும் கணக்கில் வரும். எம்ப்ரஸ் 1990-இல் கட்டியது, சுமார் 211 மீட்டர். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் 347 மீட்டர். இரண்டும் ஒரே அலையை ஒரே மாதிரி வாங்காது. சின்னக் கப்பலில் நடு அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். பெரிய கப்பலில், அதுவும் கடல் அமைதியான வழியில், அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

அப்புறம், எந்த மாதம், எந்தக் கடல் என்று பார்க்காமல் அறையை முடிவு செய்வது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் பொங்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம், அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேசியா என்று இரண்டு நிலத்துக்கும் நடுவில் அடங்கிக் கிடப்பதால், பினாங்கு போகும் கப்பல் பெரும்பாலும் குலுங்காமல் போகும். அதே சிங்கப்பூரிலிருந்து டிசம்பர், ஜனவரியில் தென்சீனக் கடல் வழியாக வியட்நாம் பக்கம் போவது வேறு அனுபவம். வடகிழக்குப் பருவக்காற்று அங்கே நேராக அடிக்கும். ஊட்டி மலைப்பாதையிலேயே தலை சுற்றுகிறவர்கள் இந்த மாதிரி வழியில் முன்பக்க மேல்தள அறையை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், தொடவே கூடாது. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அது உள்ளே தங்காது.

முன்பக்க நுனிக்கும் பின்பக்க நுனிக்கும் தனித்தனித் தொல்லைகள் உண்டு, இதை ஏஜென்ட்டுகள் சொல்வதே இல்லை. முன்பக்கம் கீழ்த்தளத்தில், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் திரஸ்டர்கள் இருக்கும். காலையில் கரை சேரும் நேரத்தில் அவை ஓடும்போது கட்டிலே நடுங்கும். கப்பல் துறைமுக மேடையில் நிற்காமல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு அழைத்துப் போகும் ஊர் என்றால் சங்கிலி இறங்கும் சத்தம் வேறு. பின்பக்கம் கீழ்த்தளத்தில் இன்ஜினும் புரொப்பல்லரும் அருகில் என்பதால் மெல்லிய அதிர்வு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், மேஜை மேல் வைத்த டம்ளர் கிணுகிணுக்கும். சிலருக்கு அதுவே தாலாட்டு, அது அவரவர் வாங்கி வந்த வரம்.

கப்பலின் முகப்பைப் பார்த்த அறையில் கேப்டன் பார்க்கும் காட்சியை நாமும் பார்க்கலாம் என்று ஆசைப்படுவோம். இருட்டிய பிறகு திரையை மூடச் சொல்வார்கள், ஏனென்றால் உங்கள் அறை விளக்கு கப்பல் ஓட்டுகிறவர்கள் கண்ணைக் கூசவைக்கும். பால்கனி இருந்தாலும் கப்பல் ஓடும்போது காற்றில் நிற்க முடியாது. இதற்கு மாறாக, பின்பக்கத்தைப் பார்த்த பால்கனிக்கு நான் வக்காலத்து வாங்குவேன். காற்று குறைவு, கப்பல் கிழித்துவிட்டுப் போகும் நுரைப்பாதை கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெரியும், சில கப்பல்களில் பால்கனி அளவும் பெரிது. குறை என்னவென்றால் சில நாள் புகைபோக்கிக் கரி நாற்காலியில் படியும், மேல்தளத்துக்காரர் எட்டிப் பார்த்தால் நம் தட்டில் என்ன இருக்கிறது என்றும் தெரியும்.

காட்சி விஷயத்தில் "கடல் தெரியும் அறை" என்ற ஒற்றை வரியை நம்பிப் பணம் கட்டுவது அடுத்த சொதப்பல். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் ஜன்னலைத் திறந்தால் ஆரஞ்சு நிறப் படகின் முதுகுதான் தெரியும். பார்வை மறைக்கப்பட்ட அறை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் எவ்வளவு மறைக்கும் என்பது ஒவ்வொரு அறைக்கும் மாறும். இரண்டு படகுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் விழுந்த அறை கிடைத்தால் அது லாட்டரி. கப்பல் பெயரையும் அறை எண்ணையும் போட்டுத் தேடினால் பல நேரம் யாராவது எடுத்த வீடியோ கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. இன்னொன்று, பால்கனி என்றாலே கடல் பார்த்தது என்று எண்ணுவது. ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல்களில், 2009-இல் வந்த முதல் கப்பலிலிருந்தே, கப்பலுக்கு நடுவில் இருக்கும் பூங்காவைப் பார்த்த பால்கனிகள் உண்டு. நிஜச் செடிகள், கீழே நடைபாதை, எதிரே இன்னொருவர் பால்கனி. பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், கடல் வேண்டும் என்று போனவருக்கு எரிச்சல்தான். எம்ப்ரஸ் மாதிரிப் பழைய கப்பல்களில் பால்கனி அறைகளே சொற்பம், அங்கே அதற்கு அடித்துப்பிடித்துக் கூடுதல் கொடுப்பதைவிட நடுவில் ஒரு ஜன்னல் அறை போதும் என்பது என் கணக்கு.

இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை யாரும் யோசிப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மும்பையிலிருந்து கோவாவுக்குப் போகும்போது கப்பல் தெற்கு நோக்கிப் போகிறது, ஆகவே வலப்பக்கத்துக்குத்தான் அஸ்தமனம். திரும்பி வரும்போது அது இடப்பக்கம் போய்விடும். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வடமேற்காகப் போகும்போது சாயங்கால வெயில் இடப்பக்க பால்கனியில் அடிக்கும், அழகுதான், ஆனால் அங்கே உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. போய்வரும் பயணத்தில் இரண்டும் சமமாகிவிடும் என்பதால் இதற்காக நல்ல இடத்தில் இருக்கும் அறையை விட்டுக்கொடுக்காதீர்கள். துறைமுகத்தில் எந்தப் பக்கம் கரையை ஒட்டி நிற்கும் என்று ஏஜென்ட்டைக் கேட்டும் பயனில்லை, அவருக்கும் தெரியாது.

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் "சத்தமில்லாத மூலை" என்று கடைசி அறையை எடுத்துவிட்டு, நாள் முழுக்க அப்பா அம்மாவை நடக்கவைப்பார்கள். பல கப்பல்களில் தியேட்டர் முன்பக்கம், பெரிய சாப்பாட்டுக் கூடம் பின்பக்கம். 347 மீட்டர் என்பது ஒரு கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதை ஒரு நாளில் எத்தனை முறை அளப்பது? லிஃப்ட்டுக்கு நாலைந்து அறை தள்ளி எடுத்தால் நடையும் குறையும், லிஃப்ட் வாசலில் நின்று பேசுகிறவர்களின் சத்தமும் எட்டாது. லிஃப்ட்டை ஒட்டிய அறையே வேண்டாம்.

இரண்டு அறைக்கு நடுவே கதவு வைத்த அறைகள் குடும்பமாகப் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். தெரியாதவர் பக்கத்து அறையில் இருந்தால் அதே கதவு வழியாக அவர் வீட்டுப் பஞ்சாயத்து முழுக்க உங்கள் காதில் விழும். டெக் பிளானில் இதற்கென்று சின்னக் குறி போட்டிருப்பார்கள், ஓரத்தில் இருக்கும் விளக்கத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மலிவு என்று 'கேரன்ட்டி' கேபின் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் அறை வகை மட்டும்தான் உங்கள் கையில், எண்ணைக் கம்பெனி ஒதுக்கும், பல நேரம் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால்தான் தெரியவரும். எங்கே போட்டாலும் தூங்கிவிடும் இரண்டு நண்பர்கள் என்றால் தாராளமாக எடுங்கள், நல்ல மிச்சம். தலைசுற்றல்காரர், கைக்குழந்தை, முழங்கால் வலிக்காரர் யாராவது கூட வந்தால் வேண்டாம், பிறகு போய் மாற்றிக் கேட்டால் மாற்ற மாட்டார்கள். தனித்தனியாக இரண்டு கேரன்ட்டி அறை எடுத்த குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

இவ்வளவும் பார்த்து ஒரு அறையைப் பிடித்த பிறகும் கோட்டைவிட ஒரு வழி இருக்கிறது, அது இலவச அப்கிரேடு. நடுவில் அமைதியாக இருந்த உங்கள் ஜன்னல் அறையை எடுத்துக்கொண்டு, யாரும் வாங்காமல் மிஞ்சிப்போன ஒரு பால்கனியை, அதாவது நுனியில் இருப்பதையோ பார் மேலே இருப்பதையோ, சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மின்னஞ்சலில் வரும் "உங்கள் விலையைச் சொல்லி மேல் வகைக்கு மாறுங்கள்" என்ற அழைப்பிலும் இதே ஆபத்து, பணமும் போகும், எண்ணும் கையில் இருக்காது. புக்கிங் செய்யும்போதே, என்னைக் கேட்காமல் அறையை மாற்றக் கூடாது என்று ஏஜென்ட்டிடம் சொல்லி, அதை புக்கிங்கில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மாற்றித் தருகிறோம் என்று கேட்டால், சரி சொல்வதற்கு முன் புது எண்ணை வாங்கி, மறுபடி அந்த மூன்று தளத்தையும் திறந்து பாருங்கள்.