நாத்து கழுத்து அழுகுதா? எருவுல டிரைக்கோடெர்மாவ வளத்து போடுங்க

கத்தரி நாத்து விட்டு பத்து பன்னெண்டு நாள்ல அங்கங்க வட்டமா சாஞ்சு கெடக்கும், ஒண்ண புடுங்கி பாத்தா இலை பச்சையாதான் இருக்கும், ஆனா மண்ண ஒட்டின கழுத்து மட்டும் வெந்த கீரத்தண்டு மாதிரி நீர் கோத்து நூலா சுருங்கி போயிருக்கும். இதான் நாற்றழுகல், பித்தியம், ரைசோக்டோனியான்னு மண்ணுல இருக்கற கெட்ட பூஞ்சைங்க வேலை. எங்க வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023ல புவிசார் குறியீடு வந்தது பெருமதான், ஆனா நாத்தங்கால்லயே பாதி போயிட்டா குறியீட்ட வெச்சிக்கினு இன்னா பண்றது.

இதுக்கு டிரைக்கோடெர்மா விரிடி நல்லா கேக்குது. அதுவும் பூஞ்சதான், ஆனா கெட்ட பூஞ்சயோட இழைய சுத்தி பின்னிக்கினு அதோட செவுர கரைச்சு தின்னுடும். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, இது மருந்து இல்ல, உசுரு. தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான், உறை செத்துட்டா பால் பாலாவே கெடக்கும்.

நான் பட்டது அப்படித்தான். கடையில வெயில் அடிக்கிற அலமாரியில கெடந்த டிரைக்கோடெர்மா பாக்கெட்ட தேதி பாக்காம வாங்கியாந்து, பத்தாததுக்கு கார்பண்டாசிம்ங்கற பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையிலயே அன்னிக்கே இதையும் பெரட்டி வெச்சேன். மருந்து பூஞ்சய கொல்லும்னா நம்ம பூஞ்சய மட்டும் விட்டு வெக்குமா? நாத்து பூரா போச்சு. அதனால தயாரிச்சு நாலஞ்சு மாசத்துக்கு மேல ஆன பாக்கெட் வேணாம், வாங்கினத நெழல்ல வைங்க, பூஞ்சாணக்கொல்லிக்கும் இதுக்கும் பத்து பதினைஞ்சு நாளாவது இடைவெளி விடுங்க.

விதை நேர்த்தின்னா, அதாவது விதையில தடவி வெதைக்கறதுன்னா, கிலோ விதைக்கு 4 கிராம். கத்தரி விதை ஏக்கருக்கு 160 கிராம்தான் ஆகும், ஒரு சிட்டிகை போதும். மல்லாட்டைக்கு, அதான் நெலக்கடலைக்கு, ஏக்கருக்கு 50 கிலோ பருப்புன்னு வெச்சா 200 கிராம். ஆறின கஞ்சிய லேசா தெளிச்சு சாக்குல போட்டு ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சு உருட்டுங்க, கையால தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சா மொளைக்காது. தழைச்சத்து புடிச்சு குடுக்கற ரைசோபியம் பாக்டீரியா போடறதா இருந்தா கடைசில போடுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது. நெழல்ல உலத்தி அன்னிக்கே வெதைச்சிடணும்.

ஆனா என்ன கேட்டா விதைய விட எருவுல வளத்து போடறதுதான் பெரிய பலன். நல்லா மக்கின தொழு எரு 90 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா பாக்கெட் 1 கிலோ, மூணையும் மரத்தடியில கொட்டி கலந்து தண்ணி தெளிங்க. கையில புடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. மேல ஈரச்சாக்கு போட்டு மூடி, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா பெரட்டி விடுங்க. மொதல்ல வெள்ளையா பஞ்சு மாதிரி படரும், அப்புறம் பச்ச பூக்கும், சில சமயம் சாக்க தூக்கினா லேசா தேங்கா வாசன கூட அடிக்கும், வந்துச்சுன்னா புடிச்சிக்கிச்சுன்னு அர்த்தம். பச்ச சாணியில போட்டா சூட்டுல செத்துடும். இது ஒரு ஏக்கருக்கு தாராளம், கடைசி உழவுல சாயங்காலமா தூவி ஈரம் இருக்கறப்பவே மண்ணோட சேத்துடுங்க.

நாத்தங்கால்ல மேட்டுப்பாத்தியா அரை அடி ஒசரத்துக்கு போட்டு இந்த எருவ மேல் மண்ணுல கலந்து விட்டு விதைங்க, நெருக்கி தூவாம வரிசையா, தண்ணி தேங்காம. தண்ணி நின்னா டிரைக்கோடெர்மா போட்டும் அழுகும், அதுமேல பழி போடக்கூடாது.

மல்லாட்டையில செடி சின்னதுலயே வாடி, கழுத்துல அடுப்புக்கரி மாதிரி கருப்பு பொடி ஒட்டியிருந்தா அது கழுத்தழுகல், அதுக்கும் இதே முறதான். சாஞ்ச செடி திரும்ப நிக்காது, அத புடுங்கி கொல்லைக்கு வெளிய போட்டுட்டு மிச்சத்த காப்பாத்துங்க. பாக்கெட்டு கிடைக்கலன்னா விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல ஒரு வார்த்த கேட்டுப்பாருங்க, போகும்போது வாடின செடி ஒண்ண வேரோட காகிதத்துல சுத்தி எடுத்துக்கினு போங்க.