முதல் வரைவு, பத்து சதவீத வெட்டு: ஸ்டீபன் கிங் வழியில் கதை எழுதப் பழகுவது

எழுத்தைப் பற்றி அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் எழுதிய ‘ஆன் ரைட்டிங்’ 2000இல் வெளிவந்தது. அதில் புதிதாக எழுதுபவர்களுக்கு மிகவும் பயன்படுவது ஒரு சின்னக் கணக்கு. 1966இல், பள்ளி இறுதியாண்டில், அவருக்குத் திரும்பி வந்த ஒரு கதையின் நிராகரிப்புச் சீட்டில் பத்திரிகை ஆசிரியர் குறித்திருந்தது அது: இரண்டாம் வரைவு என்பது முதல் வரைவைவிடப் பத்து சதவீதம் குறைவு. அதைச் செய்து பார்க்க முதலில் வெட்டுவதற்கு ஒரு வரைவு கையில் வேண்டும்.

முதல் வரைவு

முழுக் கதையையும் யோசித்துவிட்டு உட்கார வேண்டாம். ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்?’ என்ற ஒரு சூழல் போதும். உதாரணமாக, இறந்துபோனவரின் கைபேசி எண்ணிலிருந்து மகளுக்குத் தினமும் ‘காலை வணக்கம்’ வருகிறது. மகள் என்ன செய்வாள் என்பதைப் பின்தொடர்ந்து எழுதிக்கொண்டே போங்கள்.

புதியவர்களுக்கு கிங் வைக்கும் இலக்கு நாளுக்கு ஆயிரம் சொற்கள், வாரத்தில் ஆறு நாட்கள். தமிழில் ஒரே சொல்லுக்குள் நிறைய அடங்கிவிடுவதால் அறுநூறு எழுதினாலே நல்ல அளவுதான். அறைக்கதவை மூடிக்கொண்டு எழுதுங்கள். பாதிக் கதையை யாரிடமும் காட்டாதீர்கள். பாராட்டோ குறையோ, எது காதில் விழுந்தாலும் அடுத்த பக்கத்தை அதைச் சொன்னவருக்காக எழுதத் தொடங்கிவிடுவோம். பலருடைய கதை நின்றுபோக இன்னொரு காரணம், தினமும் முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பிப்பது. நேற்று எழுதிய கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள்.

ஆறப்போடுதல்

நாவலென்றால் குறைந்தது ஆறு வாரம் தொடாமல் வைக்கச் சொல்கிறார். சிறுகதைக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். உடனே படித்தால் மனதில் இருப்பதையும் சேர்த்துப் படித்துவிடுவோம், தாளில் விட்டுப்போனது கண்ணில் படாது.

வெட்டுதல்

பழைய கோப்பை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள். கதை 3000 சொல் என்றால் 2700க்கு வர வேண்டும். இந்தப் பத்தியைப் பாருங்கள்:

‘கதவை மெதுவாகத் திறந்த சுமதி, மிகுந்த தயக்கத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் மனதில் பயம் குடிகொண்டிருந்தது. “யார் அங்கே?” என்று நடுங்கும் குரலில் கேட்டாள்.’

இதில் 19 சொற்கள். திருத்தியபின் ஏழு:

‘சுமதி கதவை விரலளவு திறந்தாள். “யார் அங்கே?” என்றாள்.’

‘விரலளவு’ என்ற ஒரு சொல் தயக்கத்தையும் பயத்தையும் காட்டிவிடுகிறது. ‘மெதுவாக’ போன்ற வினையடைகள் மீது கிங்குக்கு இருக்கும் கோபம் பிரசித்தம். தமிழில் ‘ஆக’, ‘உடன்’, ‘ஓடு’ என்று முடிபவற்றைத் தேடிப் பிடியுங்கள். பாதிக்கு மேல் தேவைப்படாது. ‘கர்ஜித்தான்’, ‘முழங்கினாள்’ வரும் இடங்களில் ‘என்றான்’, ‘என்றாள்’ போதும். வாசகர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார், வசனம் மட்டும் நிற்கும்.

சொல் சொல்லாகப் பொறுக்கினால் மட்டும் 300 குறையாது. முதல் இரண்டு பத்திகளை மூடிவிட்டு மூன்றாவதிலிருந்து படியுங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும். அடுத்து, பாத்திரத்தின் முன்கதை. அது தெரியாவிட்டால் இந்தக் காட்சி புரியாதா? புரியுமென்றால் எடுத்துவிடலாம்.

வெட்டும் வேகத்தில் வாசனை, ஒலி, பொருளின் பெயர் போன்ற விவரங்களையும் சிலர் தூக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதை செய்திக்குறிப்பு போல வறண்டுவிடும். விளக்கங்களை வெட்டுங்கள், விவரங்களை விட்டுவையுங்கள்.

கதவைத் திறத்தல்

இப்போது நான்கைந்து பேரிடம் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் சலித்தது, எங்கே குழம்பியது என்று கேளுங்கள். பலரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு இருக்கிறது, திருத்துங்கள். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லையென்றால் முடிவு உங்களுடையது.