629001: நாகர்கோவில் பின்கோடைப் பகாக்காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துப் பின்கோடுகள் 629-ல் தொடங்குபவை. நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்துக்கு 629001. பெரிய எண்ணைக் கையால் பிரித்துப் பழக அருமையான எண் இது. கால்குலேட்டரும் ஒரு தாளும் போதும்.

படி 1: ஒற்றைப்படை எண், கடைசி இலக்கம் 1. எனவே 2, 5 இல்லை. இலக்கங்களின் கூடுதல் 18. 3-ஆல் வகுத்தால் 209667. இதோடு விட்டுவிடாதீர்கள், இதன் கூடுதல் 30, இன்னொரு 3 உள்ளே இருக்கிறது. மறுபடி வகுத்தால் 69889. கூடுதல் 40, இனி 3 கிடையாது.

படி 2: 7 × 11 × 13 = 1001. 1000 அதைவிட ஒன்று குறைவு. அதனால் 629001-ன் முன் மூன்று இலக்கத்திலிருந்து பின் மூன்று இலக்கத்தைக் கழித்து, விடை இந்த மூன்றால் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்: 629 − 001 = 628. 7-க்கு மீதி 5, 11-க்கு 1, 13-க்கு 4. ஒரே கழித்தலில் மூன்று பகா எண்கள் கழிந்தன. அடுத்தது நம்ம மாவட்டத்துக்கே வாய்த்த வசதி: 629 = 17 × 37. ஆகவே 17, 37 இரண்டுக்கும் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். இங்கே அது 001, இரண்டாலும் வகுபடாது.

படி 3: பலரும் மாட்டுவது இங்கேதான். 69889-ன் வர்க்கமூலம் 264.36. அதாவது 263 வரை உள்ள பகா எண்களைப் பார்த்த பிறகே இதைப் பகா எண் என்று சொல்லலாம். 19-க்கு மீதி 7, 23-க்கு 15. 29-ஆல் வகுத்தால் 2409.9655 என்று திரையில் வரும். அதை 2410 ஆக்கிவிடக் கூடாது. 29 × 2410 = 69890, ஒன்று கூடுதல். எப்போதும் திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள். 31, 41, 43 மூன்றும் இல்லை. பொறுமை இழந்து இங்கே நிறுத்தினால் விடை தப்பு. அடுத்த பகா எண் 47, மீதியே இல்லை: 47 × 1487.

இப்போது 264-ஐ மறந்துவிடலாம். எல்லை 1487-ன் வர்க்கமூலமாக, அதாவது 38.6 ஆகச் சுருங்கிவிட்டது. அதற்குக் கீழே உள்ள பகா எண்கள் எல்லாம் 69889-ஐயே வகுக்கவில்லை, அதன் காரணியான 1487-ஐ எப்படி வகுக்கும்? ஒரு வகுத்தலும் இல்லாமல் 1487 பகா எண் என்று உறுதியாகிறது. வரிசை தவறாமல் சோதித்தால்தான் இந்தப் பலன்.

629001 = 3² × 47 × 1487

இனி வகைப்படுத்துவது சுலபம். அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 = 12 வகுஎண்கள். அவற்றின் கூடுதல் (1 + 3 + 9) × (1 + 47) × (1 + 1487) = 13 × 48 × 1488 = 928512. தன்னைக் கழித்தால் 299511, எண்ணைவிடச் சிறியது. ஆகவே இது குறைவெண். முழு வர்க்கமும் அல்ல (793² = 628849). இலக்கக் கூடுதலால் வகுபடும் எண்களுக்கு இந்தியக் கணிதவியலாளர் கப்ரேகர் ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தார். இங்கே கூடுதல் 18 இரட்டைப்படை, எண் ஒற்றைப்படை. அதனால் ஹர்ஷத்தும் அல்ல.

பின்சேர்க்கை: போன் கால்குலேட்டரில் % அழுத்தினால் மீதி வராது, அது சதவீதம். பைத்தான் நிரல்மொழியில்தான் அதே குறி மீதியைத் தரும். விடை சரிபார்க்க, பகாக்காரணிகளைப் பட்டியலிடும் லினக்ஸின் ‘ஃபேக்டர்’ (factor) கட்டளையே என் தேர்வு, ஆனால் கையால் போட்ட பிறகு மட்டும்.

அடுத்து தக்கலை, 629175. 3-ஐயும் இரண்டு 5-களையும் எடுத்தால் 8389 மிஞ்சும். இதற்கு எல்லை சுருங்காது, 89 வரை போயே ஆக வேண்டும்.