காஸ் காரில் பில்லரை எங்கே பூட்டக்கூடாது

பெற்றோல் காரை எல்.பி. காஸுக்கு மாற்றப் போகும்போது தாங்கி எத்தனை லீற்றர், எவ்வளவு தூரம் ஓடும், ஸ்பேர் வீல் போகுமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். காஸ் அடிக்கும் வாயை, அதாவது கராஜில் பில்லர் என்று சொல்லும் அந்தப் பித்தளைத் துண்டை, எங்கே பூட்டுவது என்பது மட்டும் கடைசி நேரத்தில், ட்ரில் கையில் ஏறிய பிறகுதான் முடிவாகிறது. முதலில் பேசித் தீர்க்க வேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம். காஸ் போகும் பாதையில் வெளி ஆள் கை படுவது, பின்னால் வரும் வாகனம் முட்டுவது, உப்பும் மணலும் ஏறுவது எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான். திருகோணமலையில் மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு ஓடும் காருக்கு இது இன்னும் பொருந்தும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, பில்லரை டிக்கிக்குள் பூட்டுவது. "தம்பி, பம்பரில் ஓட்டை போட வேண்டாம், விற்கும்போது விலை குறையும்" என்று வாகனக்காரர் சொல்ல, தாங்கிக்குப் பக்கத்திலேயே டிக்கிக்குள் வைத்துவிடுவது கராஜுக்கும் சுலபம். குழாயும் மிச்சம், வெட்டும் வேலையும் இல்லை. ஆனால் காஸ் அடித்து முடித்து, ஹோஸ் நுனியில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம் வெளியேறும். அது வழக்கமானதுதான், திறந்த வெளியில் காற்றோடு போய்விடும். டிக்கிக்குள் என்றால் போக வழியில்லை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே கம்பளத்துக்குக் கீழே, ஸ்பேர் வீல் பள்ளத்தில் போய்ப் படிந்து நிற்கும்.

எவ்வளவு காஸ் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில்லரிலிருந்து தாங்கி வரை போகும் செப்புக் குழாயின் உள் விட்டம் 6 மில்லிமீற்றர், நீளம் 2 மீற்றர் என்று வையுங்கள். அதற்குள் நிற்கும் திரவம் 57 மில்லிலீற்றர் அளவில் வரும். சிறிய தேநீர்க் கோப்பை கூட நிரம்பாது. அது ஆவியாகும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து 14 லீற்றர் காஸ் ஆகிவிடும். காற்றில் 2 சதவீத அளவு காஸ் கலந்தாலே தீப்பிடிக்கும் என்பதால், அந்த 14 லீற்றர் 700 லீற்றர் காற்றைத் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். சிறிய கார்களின் டிக்கி அதில் பாதிகூட இருக்காது. தாங்கியில் கை வைக்காமல், குழாயில் இருப்பது மட்டும் கசிந்தாலே இந்த நிலை.

காஸ் தொகுதிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 67ஆம் இலக்க ஒழுங்குவிதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: தாங்கி பயணிகள் பகுதியிலோ மூடிய டிக்கியிலோ இருந்தால் பில்லர் வாகனத்துக்கு வெளியே இருக்க வேண்டும். தரமான தாங்கியிலும் வால்விலும் 67ஆர்-01 என்று பொறித்திருப்பது இந்த விதியைத்தான் குறிக்கிறது. பொருளை அந்த விதிப்படி வாங்கிவிட்டுப் பூட்டுவதில் அதை மீறினால் கொடுத்த காசுக்குப் பயனில்லை.

வீட்டுச் சமையல் சிலிண்டரைக் கவிழ்த்துப் பிடித்துக் காருக்கு ஏற்றலாம், அதற்கு டிக்கிக்குள் வாய் இருந்தால் வசதி என்று யோசிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 12.5 கிலோ சிலிண்டர் அடுப்புக்கு ஆவி கொடுப்பதற்குச் செய்தது. அதிலிருந்து திரவத்தை ஹோஸ் வைத்து இழுக்கும்போது கை தவறினால், புரொப்பேன் மைனஸ் 42 பாகையில் கொதிக்கும் திரவம் என்பதால், தோல் உறைந்து வெந்துபோகும். பக்கத்தில் ஒரு அடுப்போ சிகரெட்டோ இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பம்பருக்குக் கீழே தொங்கவிடுவது. தகடு வெட்ட வேண்டியதில்லை, வெளியேயும் இருக்கிறது என்பதால் பலருக்கும் பிடித்த இடம் இது. ஒரு இரும்புப் பட்டையை வளைத்து, அதில் பில்லரைப் பூட்டிப் பம்பரின் அடி விளிம்பில் நிறுத்துவார்கள். முறையாகச் செய்தால் தவறில்லை, ஆனால் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கராஜில் வெறும் காரை வைத்துத்தான் உயரம் பார்ப்பார்கள். பின்சீற்றில் மூன்று பேர், டிக்கியில் சாப்பாட்டுப் பானை, தண்ணீர்க் கான் எல்லாம் ஏற்றிக்கொண்டு கன்னியா வெந்நீரூற்றுக்கோ நிலாவெளிக்கோ போகும் ஞாயிற்றுக்கிழமையில் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த உயரத்தில், வேகத்தடையிலும் நடைபாதைக் கல்லிலும் முட்டாமல் பில்லர் நிற்க வேண்டும். காரின் அடியில் மிகத் தாழ்ந்த பொருளாகப் பில்லர் ஒருபோதும் இருக்கக்கூடாது.

மணலும் இருக்கிறது. பில்லருக்குள் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. அது மூடும்போது பதியும் இருக்கை மென்மையான ரப்பர் வகை. கடற்கரைப் பாதையில் பின்ரயர் அள்ளி வீசும் மணலில் ஒரு பருக்கை அந்த இருக்கையில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. துப்பாக்கியைக் கழற்றிய பிறகும் சீறல் நிற்காமல் இருப்பது அதனால்தான். தாங்கியிலும் இன்னொரு ஒருவழி வால்வு இருப்பதால் தாங்கி முழுவதும் காலியாகாது, ஆனாலும் ஒரு பாதுகாப்பு போய்விட்டது. பில்லரின் மூடி தொலைந்தால் அன்றைக்கே புதியது வாங்கிப் போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசியும், கார்த்திகை மார்கழியில் றோட்டில் நிற்கும் வெள்ளமும் திறந்த வாய்க்குள் நேரே போகும்.

பம்பரின் முகத்திலேயே ஓட்டை போட்டுப் பூட்டுபவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். பம்பர் வெறும் பிளாஸ்டிக். துப்பாக்கி கனமானது, அதைக் கொளுவிப் பிடித்து இழுக்கும்போது பிளாஸ்டிக் வளையும். திருகிப் பூட்டும் வகைத் துப்பாக்கி என்றால் பில்லரே சேர்ந்து சுற்றும், பின்னால் இருக்கும் செப்புக் குழாயும் முறுகும். சில தடவை முறுகினாலே செப்பு இறுகி, நட்டு இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். எனவே பம்பருக்குப் பின்னால் காரின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து இரும்புத் தாங்கு பூட்டி, பில்லர் சுற்றாதபடி பிடித்து வைக்க வேண்டும். குழாயையும் விறைப்பாக இழுக்காமல் ஒரு வளையம் விட்டுப் போட வேண்டும், பம்பர் ஆடினாலும் குழாய் இழுபடக்கூடாது. பம்பரின் மூலைகளையும் தவிருங்கள். மத்திய வீதிப் பக்கம் நிறுத்தி எடுக்கும்போது முதலில் உரசுவது மூலைதான்.

பெற்றோல் மூடிக்குள் பூட்டுவது பார்க்க அழகு, மழையும் மணலும் படாது. இடம் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூடி சாத்த இடம் பற்றாமல் சின்ன பில்லர் போட்டு, அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அடாப்டரைத் திருக வேண்டிவரும். அந்த அடாப்டரை வீட்டில் விட்டு வந்தால் காஸ் இல்லை. அப்புறம், அந்த மூடிக்குள் இருக்கும் கிண்ணம் போன்ற பள்ளத்துக்குப் பின்னால் பெற்றோல் குழாய் போகிறது. எங்கே போகிறது என்று உள்பக்கம் திறந்து பார்க்காமல் ட்ரில் வைக்க விடாதீர்கள். கிண்ணத்தின் பின்பக்கம் காரின் தகடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம், அங்கே கசிந்தால் சீற்றுப் பக்கம் வந்துவிடும். பில்லரும் குழாயும் சேரும் மூட்டுக்கு வெளிக்காற்றோடு தொடர்புள்ள உறை போட வேண்டும்.

சைலென்சர் எந்தப் பக்கம் என்று பார்த்து, பில்லரை அதற்கு எதிர்ப் பக்கம் வையுங்கள். காஸ் பாகம் எதுவும் சைலென்சருக்கு 100 மில்லிமீற்றருக்குள் மறைப்புத் தகடில்லாமல் வரக்கூடாது. ஜாக்கி வைக்கும் இடத்தின் மேலே குழாய் போகக்கூடாது. தாங்கியின் வால்வுகளை மூடியிருக்கும் உறையிலிருந்து கசிவை வெளியேற்றும் காற்றுக்குழாய் கீழ்நோக்கி வெளியே வர வேண்டும், சில்லு வளைவுக்குள் விடக்கூடாது.

நம் ஊரில் பிறகு வரும் வினை கறள்தான். தகட்டை வெட்டிய விளிம்பில் பெயின்ற் இல்லை. உப்புக் காற்று அங்கேதான் முதலில் பிடிக்கும், வெளியே தெரியும்போது உள்ளே பரவியிருக்கும். வெட்டியவுடனே விளிம்பை உரசி, துருத்தடுப்பு பிரைமர் இரண்டு தடவை அடித்து, காய்ந்த பிறகு பெயின்ற் போட்டு, அதன் மேல் ரப்பர் வாஷர் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். பித்தளைப் பில்லர் நேரே இரும்பில் பட்டால் ஈரமும் உப்பும் சேர்ந்து இரும்பை வேகமாகத் தின்னும், அதற்காகத்தான் இடையில் ரப்பர். நட்டும் ஆணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். குழாய் பிளாஸ்டிக் உறை போட்டதாக இருக்கட்டும்.

காஸ் அடிக்கப் போகும் இடத்தின் துப்பாக்கி எந்த வகை, ஹோஸ் எந்தப் பக்கம் வரை எட்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து முதல் தடவை காஸ் அடித்தவுடன் சவர்க்கார நுரையை பில்லரின் முகத்திலும் பின்பக்க நட்டிலும் தாங்கி மூட்டிலும் பூசி, குமிழி வருகிறதா என்று நின்று பாருங்கள். தாங்கி 80 சதவீதம் நிரம்பியதும் காஸ் ஏறுவது தானாக நிற்கிறதா என்பதையும் அப்போதே கவனிக்கலாம். ஓரிரு வாரம் ஓடிய பிறகு மறுபடி நுரை பூசுங்கள், குலுக்கலில் இளகும் நட்டு அதற்குள் தெரிந்துவிடும். வாகனத்தை மாற்றியதைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, பில்லர் பூட்டிய இடத்தின் படத்தையும் கராஜ் பற்றுச்சீட்டையும் ஒன்றாக வைத்திருங்கள்.