பொசைடன் வந்தாலே அணைந்த கன்சோல்

எங்கள் வீடு சோமனூர் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும், பஞ்சு பறக்காத நாளே இல்லை.

2010ல் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கேம் கன்சோலுக்கு வந்த காட் ஆஃப் வார் III என்ற வீடியோ கேம், 2015ல் பிஎஸ்4க்கு ரீமாஸ்டராக, அதாவது மெருகேற்றிய பதிப்பாக வந்தது. 720பி படம் 1080பி ஆகி இன்னும் துல்லியமானது. அசைவும் வழுக்கிக்கொண்டு போகும். தொடக்கமே ஒலிம்பஸ் மலைதான். பூமித்தாய் கையாவின் உடம்பில் தொற்றிக்கொண்டு நாயகன் கிரேட்டோஸ் ஏற, நண்டுக்கால் முளைத்த தண்ணீர்க் குதிரைகளோடு கிரேக்கக் கடல் கடவுள் பொசைடன் எழுவான். என்ன ஒரு காட்சி! சரியாக அங்கேதான் எங்கள் பிஎஸ்4ல் ஃபேன் இரையும், சூடு அதிகம் என்று எச்சரிக்கை வரும், பெட்டி அணைந்துவிடும்.

“டிஸ்க் போச்சுங்க மாமா” என்றான் அக்கா மகன். துடைத்துப் பார்த்தோம், கேமை அழித்து மறுபடி ஏற்றினோம். பலனில்லை.

வாரண்டி முடிந்திருந்தது. வயரைப் பிடுங்கி, ஆறவிட்டுக் கழற்றினேன். நட்சத்திரக் குழித் திருகு என்பதால் மொபைல் கடையில் டூல் இரவல் வாங்கினேன். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்குக்கும் நடுவே பஞ்சு, பழைய மெத்தைத் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்ததும் ஒரே பாளமாக உரிந்து வந்தது. மீதியை மெல்லிய பிரஷால் தட்டினேன். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறியில் ஊதுகிற கம்ப்ரஸர் காற்றை மட்டும் அடிக்காதீர்கள், வேகம் தாங்காது, ஈரமும் இருக்கும்.

அப்புறம் பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். அன்று ராத்திரியே பொசைடன் விழுந்தான். இரைச்சல் அடங்கியதில் கடலலை கூடத் தெளிவாகக் கேட்டது.